எட்டுப் பாட்டுத் தூரம்

மிக் ஜாகர் பிறந்தது 1943 ஜூலையில். கீத் ரிச்சர்ட்ஸ் அதே வருஷம் டிசம்பரில். இரண்டு பேரும் லண்டனுக்குப் பக்கத்து டார்ட்ஃபோர்டுக்காரர்கள். அதே 1943-ன் ஜூன் மாதம், அப்போதைய மதுரை ஜில்லா பண்ணைப்புரத்தில் இளையராஜா. ஜாதகம் பார்ப்பவர்கள் இதில் கிரகங்களைத் தேடலாம். எனக்கு வேறு ஒரு சந்தேகம். வயசான மகா கலைஞர்கள் புதிதாக ஒன்று செய்து கொடுத்தால் அதை நாம் எதை வைத்து எடை போடுகிறோம்? காதை வைத்தா, ஞாபகத்தை வைத்தா?

ரோலிங் ஸ்டோன்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். 2023 அக்டோபரில் அவர்களுடைய 'ஹாக்னி டயமண்ட்ஸ்' வந்தது. சொந்தப் பாட்டுகளை வைத்து அவர்கள் ஆல்பம் போட்டு 18 வருஷம் ஆகியிருந்தது. நடுவில், 2016-ல், பழைய ப்ளூஸ் பாட்டுகளைத் திரும்ப வாசித்து ஒன்று வெளியிட்டார்கள். அது வேறு கணக்கு. 1963 முதல் அவர்களுக்கு டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் 2021-ல் காலமாகிவிட்டார். அவர் முன்பே வாசித்து வைத்திருந்தது இந்த ஆல்பத்தின் 12 பாட்டில் இரண்டில் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு பால் மெக்கார்ட்னி பேஸ் கிடார் வாசிக்கிறார். இன்னொன்றில் ஸ்டீவி ஒண்டரும் லேடி காகாவும். தயாரித்த ஆண்ட்ரூ வாட் பிறந்தது 1990-ல். ஜாகருக்குப் பேரன் வயசு. இங்கிலாந்தில் நம்பர் ஒன். பத்திரிகைகளில் பெரும்பாலும் நல்ல பேர்.

இதில் ஒரு வேடிக்கை. ஸ்டோன்ஸ் எப்போது புது ஆல்பம் போட்டாலும் அங்கத்திய விமர்சகர்கள் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் எடுப்பார்கள். "'சம் கேர்ள்ஸ்'க்கு அப்புறம் இதுதான் பெஸ்ட்." 'சம் கேர்ள்ஸ்' வந்தது 1978-ல். நம் ஊரில் பந்தியில் உட்கார்ந்து, "எங்க பாட்டி வெக்கிற வத்தக்குழம்புக்கு அப்புறம் இதான் சார்" என்று சொல்கிற மாதிரி. சமையல்காரருக்கு அது பாராட்டா என்பது தெரியாது. பாட்டிக்குப் பாராட்டு என்பது மட்டும் நிச்சயம்.

அந்த ஸ்டாம்ப்பைத் தமிழில் அதிகமாக வாங்கிக்கட்டிக்கொண்ட ஆல்பம் 'நீதானே என் பொன்வசந்தம்' என்று நினைக்கிறேன். 2012 செப்டம்பர் 1-ம் தேதி சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் பெரிய விழா வைத்து வெளியிட்டார்கள். ராஜாவுக்கு அப்போது 69. 'அன்னக்கிளி' வந்து 36 வருஷம். கௌதம் மேனன் 'மின்னலே' தொடங்கி 'வாரணம் ஆயிரம்' வரை ஹாரிஸ் ஜெயராஜோடும், 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் ரஹ்மானோடும் வேலை செய்து, கேஸட் காலத்துப் பிள்ளைகளின் அடுத்த தலைமுறையைக் கையில் வைத்திருந்தவர். அவர் ராஜாவிடம் போனதே செய்தியாக இருந்தது. லண்டனுக்குப் போய்ப் பெரிய வாத்தியக் குழுவை வைத்துப் பதிவு பண்ணினார்கள். எட்டுப் பாட்டு. எட்டையும் எழுதியவர் நா.முத்துக்குமார்.

தலைப்பிலேயே ஒரு வம்பு இருந்தது. 1982-ல் வந்த 'நினைவெல்லாம் நித்யா' படத்துக்கு ராஜாவே போட்ட ஒரு பாட்டிலிருந்து எடுத்த தலைப்பு அது. புதுசு விற்கிற கடைக்குப் பழைய போர்டு மாட்டிய மாதிரி. உள்ளே வருகிறவன் என்ன கேட்பான்? பழசைத்தான் கேட்பான்.

கேட்டான். ஆல்பம் வந்த வாரத்திலேயே தமிழ்நாடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. 'ராஜா ராஜாதான்' என்று ஒரு கட்சி. 'இது எங்க ராஜா இல்லை' என்று இன்னொன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்பது என் அபிப்பிராயம். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தது 1985-ஐ. ஒருவருக்கு அது கிடைத்த மாதிரி இருந்தது, இன்னொருவருக்குக் கிடைக்காத மாதிரி. 2012-ல் வந்த எட்டுப் பாட்டை யாராவது எட்டுப் பாட்டாகக் கேட்டார்களா என்பதுதான் கேள்வி.

நான் அதைக் கேட்டது பெரும்பாலும் பஸ்ஸில். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று போகிற தனியார் பஸ்ஸில் எட்டுப் பாட்டுக்குச் சரியாக இருக்கும். தூரத்தைப் பாட்டால் அளக்கிற பழக்கம் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு உண்டு. "எவ்ளோ நேரம்பா ஆவும்?" என்று கேட்டால், "நாலு பாட்டுல போயிடலாம்" என்பார்கள். அதில் ஒரு வசதி, டிராஃபிக்கில் மாட்டினால் பாட்டைக் கொஞ்சம் நீளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த பஸ்களில் ஒரு பென் டிரைவ் தொங்கும். 'ராஜா ஹிட்ஸ்' என்று ஏதாவது பேர். அதில் இருநூறு முந்நூறு பாட்டு இருக்கும். பல தடவை கவனித்திருக்கிறேன், அந்தப் பட்டியல் 1976-ல் ஆரம்பித்து ஏறக்குறைய 1992-ல் நின்றுவிடும். 'ரோஜா' வந்த வருஷம். அதற்கப்புறம் ராஜா போட்ட 'ஹே ராம்', 'பிதாமகன்', 'விருமாண்டி', 'நான் கடவுள்' எதுவும் டிரைவருக்குத் தேவைப்படவில்லை. சரித்திரப் புத்தகத்தில் மொகலாயர் காலம் முடிந்து பக்கத்தைத் திருப்பின மாதிரி. ஆள் இருந்துகொண்டே இருக்கிறார், காலம் முடிந்துவிட்டது.

அந்தப் பென் டிரைவ்தான் நம் எல்லோருடைய மண்டையும். அதை வைத்துத்தான் 'பொன்வசந்த'த்துக்கு மார்க் போட்டார்கள். இதில் ஒரு சின்னக் கணக்குப் பிழை இருக்கிறது. எண்பதுகளின் உச்சத்தில் ராஜா வருஷத்துக்கு நாற்பது படத்துக்கு மேல் இசையமைத்தார். படத்துக்கு நாலைந்து என்று வைத்தாலும் வருஷத்துக்கு 150, 200 பாட்டு. பத்து வருஷத்துக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அத்தனையும் பொன்னா? இல்லை. அவசரத்தில் போட்டவை, ஒரே மெட்டை வேறு சட்டை மாட்டி அனுப்பியவை, தயாரிப்பாளர் முகத்துக்காகப் போட்டவை எல்லாம் உண்டு. அவற்றைக் காலம் வடிகட்டித் தூக்கிப்போட்டு, மேலே தங்கியதுதான் அந்த முந்நூறு. ஆயிரத்துக்கு மேற்பட்டதிலிருந்து பொறுக்கின முந்நூறை ஒரு தட்டில் வைத்து, ஒரே மூச்சில் செய்த எட்டை மறு தட்டில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும்? இந்தத் தராசில் 1985-ன் ராஜாவை நிறுத்தினாலே அவர் ஃபெயிலாகிவிடுவார்.

பேப்பரில் போடுகிற மார்க்கும் கடைசியில் ஒரு மனுஷன் போடுவதுதான். விகடன் விமர்சனக் குழு '16 வயதினிலே'வுக்கு 62.5 மார்க் கொடுத்ததை இன்றைக்கும் பேசுகிறோம். படத்தைவிட அந்த அரை மார்க்தான் நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் கேட்கிறவர்கள் போடுகிற மார்க் இப்படி நம்பராக வராது. அது வேறு இடத்தில், வேறு விதமாகப் பதிவாகிறது.

உதாரணம், திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. எண்பதுகளில் அது ரெக்கார்டிங் சென்டர். நோட்டுப் புத்தகத்தில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, 60 நிமிஷ டிடிகே கேஸட்டை நீட்டினால் மூன்று நாளில் பதிவு பண்ணித் தருவார்கள். கடைசியில் மூன்று நிமிஷம் மிச்சமிருந்தால் கடைக்காரரே தன் ரசனைக்கு ஒன்று போட்டு நிரப்புவார். என்னுடைய இசை ரசனையில் பாதி அந்த மாதிரி மூன்று நிமிஷங்களில் வந்தது. அப்புறம் கடை சி.டி. கடையானது, மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருகிற கடையானது, கடைசியில் செல்போன் கவரும் சார்ஜரும் விற்கிற கடையானது. அண்ணன் மட்டும் மாறவில்லை. சட்டமெல்லாம் பேசினால் இந்தத் தொழில் முழுக்கத் தப்பு. ஆனால் ஊர் எதை எத்தனை தடவை கேட்டது என்பது அவருக்குத்தான் தெரியும்.

"'பொன்வசந்தம்' எப்படிண்ணே போச்சு?" என்று கேட்டேன்.

"மொத வாரம் எல்லாரும் ஏத்திக்கினு போனாங்க சார். ராஜா சார் பாட்டுன்னு. பெரியவங்க ரெண்டாந்தடவ வரல. காலேஜ் பசங்கதான் திரும்பி வந்தாங்க. 'சாய்ந்து சாய்ந்து' இருக்கான்னு. நான் ராஜா ஃபோல்டர்ல தேடச் சொன்னா, 'அண்ணே, அது யுவன் பாட்டுண்ணே'ன்றான். பாடுனது யுவன்தான், மியூசிக் அவங்கப்பான்னேன். நம்பல. அப்பால யுவன் ஃபோல்டர்ல ஒண்ணு, ராஜா ஃபோல்டர்ல ஒண்ணுன்னு ரெண்டுலயும் போட்டு வெச்சேன்."

"எதுல நிறையப் போச்சு?"

"யுவன்லதான்."

நான் படித்த எந்த விமர்சனத்தைவிடவும் இது எனக்கு அதிகம் சொன்னது. ராஜா என்று தெரியாமல் கேட்டவனுக்குப் பிடித்திருக்கிறது. ராஜா என்று தெரிந்து கேட்டவன் 1985-ஐத் தேடிவிட்டு இறங்கிப்போய்விட்டான். பெயரை மறைத்து ஒயின் ருசி பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். திண்டிவனத்தில் அதைப் பாட்டுக்குச் செய்து முடித்துவிட்டார்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் குற்றம் முழுக்கக் கேட்டவன்மேல் விழும். அது நியாயமில்லை. ஆல்பத்தின் பக்கமும் கோளாறு இருக்கிறது. அதை எனக்குப் புரிய வைத்தவர் விழுப்புரத்துக்காரர். அந்த ஊரில் ராக் பேண்டு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அது திருவிழாவுக்கு வாசிக்கிற மெல்லிசைக் குழுதான். டிரம்ஸ், லீட் கிடார், பேஸ் கிடார், கீபோர்டு, தபேலாவுக்கு ஒருத்தர், எஸ்.பி.பி.க்கு ஒருத்தர், ஜானகிக்கு ஒருத்தர். கோயில் திடலில் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் இரண்டு மணி வரை ராஜாதான். அப்படி ஒரு குழுவில் இருபத்தைந்து வருஷம் கீபோர்டு வாசித்தவரிடம், "நீங்க ஏன் சார் 'பொன்வசந்தம்' வாசிக்கறதே இல்ல?" என்று கேட்டேன்.

"'சாய்ந்து சாய்ந்து' வாசிப்போம். ஒரு கிடார் போதும். மத்ததுக்கு எனக்கு இன்னும் முப்பது கை வேணும்" என்று சிரித்தார். அப்புறம் சீரியஸாகச் சொன்னார்: "பழசுலயும் வயலின் இருக்கும் சார், நெறையவே இருக்கும். ஆனா பாடறவனுக்கு வழி விட்டு நிக்கும். சரணம் முடிஞ்சதும் உள்ள வரும். இதுல பாடறவன் பாடிக்கிட்டிருக்கும்போதே பின்னாடி கல்யாண ஊர்வலம் போற மாதிரி இருக்கு. நல்ல ஊர்வலம்தான். ஆனா மாப்பிள்ளையத் தேட வேண்டியிருக்கு."

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு திரும்பக் கேட்டால் எட்டும் வேறு மாதிரி பிரிகின்றன. கார்த்திக் பாடிய 'காற்றைக் கொஞ்சம்' எனக்கு இதில் முதல் ரேங்க். வாத்தியங்கள் நிறைய, ஆனால் மெட்டு அவற்றின் தோளில் ஏறி உட்கார்ந்து சவாரி போகிறது. கீபோர்டுக்காரர் சொன்ன மாப்பிள்ளை இதில் குதிரையில் இருக்கிறார். 'என்னோடு வா வா'வும் கார்த்திக்தான். காதலனின் செல்லக் கோபமும் சமாதானமுமாக எளிமையான பாட்டு, எளிமைதான் அதன் பலம். 'சாய்ந்து சாய்ந்து' கிடாரோடு ஆரம்பித்து, யுவனின் கரகரப்பும் ரம்யாவின் குரலும் ஒன்றுமேல் ஒன்று சாய்ந்துகொள்கிற இடம் வரை எங்கும் அவசரப்படாது. இந்த ரம்யா கலைவாணர் என்.எஸ்.கே.யின் பேத்தி. 'சற்று முன்பு' அவர் தனியாகப் பாடியது. பிரிந்துபோகிற பெண்ணின் ஆற்றாமை. எண்பதுகளில் இந்த மாதிரி சந்தர்ப்பத்துக்கு ராஜா ஒரு புல்லாங்குழலை வைத்து நம்மை அழவிட்டிருப்பார். இங்கே அவள் அழுவதைவிட அதிகமாகச் சண்டை போடுகிறாள். கௌதம் மேனனின் கதாநாயகிக்கு அதுதான் சரி. இதைப் பழைய பாட்டோடு ஒப்பிட்டுக் குறை சொன்னவர்கள் பெண்கள் மாறியிருப்பதைக் கவனிக்கவில்லை.

'முதல் முறை' சுனிதி சௌஹான். இங்கேதான் ஊர்வலப் பிரச்னை. வயலின் கூட்டம் அலை அலையாக வருகிறது, பிரமாதமாக வருகிறது, முத்துக்குமாரின் வார்த்தைகளை நனைத்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. லண்டன் வரைக்கும் போய்விட்டு வாசிக்காமல் வர முடியுமா என்று வாத்தியக்காரர்கள் நினைத்தார்களோ என்னவோ. 'வானம் மெல்ல' ராஜாவே பேலா ஷெண்டேயோடு பாடியது. அழகான மெட்டு. 69 வயசுக் குரல் திரையில் இளைஞனுக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டால் சரியாக இருக்கிறது, திறந்தால் இடிக்கிறது. பஸ்ஸில் கேட்பவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை.

'பெண்கள் என்றால்' எனக்குத் தேறவில்லை. யுவனின் குரலுக்குப் பொருந்தாத உயரத்தில் கோபப்படச் சொல்லியிருக்கிறார்கள், அவர் சிரமப்படுகிறார், நாமும்.

'புடிக்கல மாமு'வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூரஜ் ஜெகன் என்கிற மும்பை ராக் பாடகரைக் கூட்டிவந்து, கிடாரை உறும விட்டு, நிஜமான ராக் பாட்டாகவே ஆரம்பிக்கிறார் ராஜா. பாதி வழியில் கார்த்திக் நுழைந்ததும் அது சட்டென்று நம் ஊர்க் குத்துப்பாட்டாகிவிடுகிறது. விமர்சனங்களில் பலர் இந்த இடத்தில்தான் முகம் சுளித்தார்கள். திடலில் சாவு மேளம் கேட்டு வளர்ந்தவனுக்கு அதில் ஒரு சந்தோஷமும் உண்டு. எனக்கு இரண்டு பாதியும் தனித்தனியே பிடிக்கும். தையல் தெரிகிறது, அதுதான் குறை. இந்த மனுஷர் முன்பெல்லாம் 'ஹவ் டு நேம் இட்'டில் தியாகராஜரையும் பாஹையும் ஒரே துணியாக நெய்தவர். அது 1986. பாருங்கள், நானும் ஸ்டாம்ப்பை எடுத்துவிட்டேன்.

'ராஜாவுக்கு சிட்டி சப்ஜெக்ட் வராது, மண்வாசனைதான் அவர் ஏரியா' என்று ஒரு வாதம் அப்போது நிறையக் கேட்டது. சொன்னவர்கள் 'மௌன ராகம்' (1986) பார்க்காதவர்களாக இருக்க வேண்டும். டெல்லிக் குளிரில் இரண்டு பேர் பேசாமல் இருப்பதற்கு அவர் போட்ட இசையைவிட நகரத்துத் தனிமையைச் சொன்ன இன்னொன்றை எனக்குத் தெரியாது. விஷயம் வேறு. ஸ்டோன்ஸ் ஒரு பேண்டு. கதை கிடையாது, கதாநாயகி கிடையாது, இடைவேளை கிடையாது. பிடிக்காத பாட்டை அவர்களே தூக்கிப்போடலாம். சினிமா இசையமைப்பாளர் இன்னொருவர் கனவுக்கு மெட்டுப் போடுகிறவர். 'பொன்வசந்தம்' படம் 2012 டிசம்பர் 14-ம் தேதி வந்தது. ஜீவாவும் சமந்தாவும் இரண்டரை மணி நேரம் சண்டை போட்டுச் சமாதானமானார்கள். படம் சுமாராகத்தான் போனது. படம் ஓடாவிட்டால் பாட்டின் ஆயுளும் குறையும் என்பது தமிழ்நாட்டு விதி. நல்ல பாட்டுக்கு அதைப் பார்த்த இடம் ஒன்று தேவைப்படுகிறது நமக்கு. தியேட்டர், சீட், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள்.

அதனால்தான் 2024-ல் 'மஞ்சுமெல் பாய்ஸ்' என்கிற மலையாளப் படத்தில் 1991-ம் வருஷத்து 'குணா' பாட்டு வந்தபோது தியேட்டரே எழுந்து கூத்தாடியது. நம் ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது ராஜாவுக்கு மரியாதைதான். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2023-ல், 'விடுதலை' முதல் பாகத்துக்கு அதே மனுஷர் புதிதாகப் போட்டதற்கு அந்த ஆரவாரத்தில் கால்வாசி வந்ததா? அதில் அவரும் அனன்யா பட்டும் பாடின 'காட்டுமல்லி'யை இன்னொரு தடவை கேளுங்கள். 80 வயசை எட்டிக்கொண்டிருந்த ஆள் போட்டது. எந்த அலட்டலும் இல்லை. லண்டன் இல்லை, ஊர்வலம் இல்லை. மெட்டு நடந்து வருகிறது, அவ்வளவுதான்.

விழுப்புரத்துக்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். வி.சி.கணேசன் என்கிற பேரில் 'வி' என்பது விழுப்புரம். 1928-ல் சிவாஜி அங்கே பிறந்தார். 'பராசக்தி'யிலிருந்து முப்பது வருஷம் அவரிடம் ஜனங்கள் கேட்டது ஒன்றுதான்: வசனம், கர்ஜனை, கண்ணில் ரத்தம். அவரும் கேட்டதைக் கொடுத்தார். எண்பதுகளில் அதே கர்ஜனையைக் கேட்டு, 'ஓவர் ஆக்டிங்' என்று அவரைக் கிண்டல் பண்ணியதும் அதே ஜனங்கள்தான். 1985-ல் 'முதல் மரியாதை' வந்தது. 56 வயசில், பாரதிராஜாவுக்காக, மனுஷர் எதையும் செய்யாமல் நின்றார். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி சும்மா பார்த்தார். எத்தனையோ வருஷம் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்தவர் ஒற்றைக் கம்பியில் வாசித்த மாதிரி. அந்தப் படத்துக்கு இசை யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, அந்தச் சிவாஜியை வெளியே கொண்டுவர பாரதிராஜா என்று ஒருத்தர் தேவைப்பட்டார். 'வேண்டாம் சார், இது அதிகம்' என்று சிவாஜியிடம் சொல்லக்கூடிய ஒருத்தர்.

மேல்நாட்டில் ஜானி கேஷுக்கு அது நடந்தது. அமெரிக்க நாட்டுப்புற வகைப் பாடகர். எண்பதுகளில் அவருடைய கம்பெனியே அவரைக் கைவிட்டது, மார்க்கெட் போன ஆள். 1994-ல் ரிக் ரூபின் என்கிற தயாரிப்பாளர், அதுவரை ராப்பும் கன ராக்கும் செய்துகொண்டிருந்த தாடிக்காரர், அவரைக் கூட்டிவந்து உட்காரவைத்து ஒரு கிடாரை மட்டும் கையில் கொடுத்தார். வயலின் கிடையாது, கோரஸ் கிடையாது. வயசான, ஓட்டை விழுந்த குரலை மறைக்காமல் அப்படியே பதிவு பண்ணினார். 2003-ல் கேஷ் இறக்கும்வரை அந்த வரிசை தொடர்ந்தது. அவரைப் பற்றி இன்றைக்கு இருபது வயசுப் பையனுக்குத் தெரிந்திருந்தால் அது பெரும்பாலும் அந்த வரிசையால்தான். ஸ்டோன்ஸும் இதை ஒரே ஒரு தடவை செய்கிறார்கள். 'ஹாக்னி டயமண்ட்'ஸின் கடைசிப் பாட்டு, அவர்கள் எந்தப் பாட்டிலிருந்து தங்கள் பெயரை எடுத்தார்களோ அந்த மடி வாட்டர்ஸின் பாட்டு. ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மட்டும். ஒரு கிடார், ஒரு மவுத் ஆர்கன், இரண்டு கிழவர்கள். மற்ற 11 பாட்டில் வாட் போட்ட பளபளப்பை எல்லாம் இந்த ஒன்று தின்றுவிடுகிறது.

ராஜாவிடம் நாம் கேட்டது எப்போதும் 'இன்னும்'. இன்னும் பெரிய வாத்தியக் குழு, இன்னும் பெரிய மேடை. 2005-ல் 'திருவாசகம்', அதற்கு புடாபெஸ்ட். 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் குழுவோடு 'வேலியன்ட்' சிம்ஃபனி. அதைப் பற்றி விழுப்புரம் டீக்கடைகளில்கூடப் பெருமையாகப் பேசினார்கள். பேசினவர்களில் கேட்டவர் எத்தனை பேர் என்று விசாரித்தால் வம்பு. பெருமைப்படுவது வேறு, கேட்பது வேறு. முதலாவது சுலபம்.

அவர் மேடையில் வாத்தியக்காரர்களை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த ஆர்மோனியத்தை முன்னால் இழுத்து, ஒரு மெட்டு எப்படிப் பிறந்தது என்று பாடிக் காட்டுவார் இல்லையா? இரண்டு நிமிஷம். குரல் சில இடத்தில் உடையும். அரங்கத்தில் ஒரு செல்போன் அடிக்காது. எனக்கு அந்த இரண்டு நிமிஷம் முக்கால் மணி நேரத்துக்கு வேண்டும். ஆர்மோனியம், அவர் குரல், வேண்டுமானால் ஒரு தபேலா. எட்டுப் புதுப் பாட்டு. படம் வேண்டாம், ஹீரோ வேண்டாம், வெளிநாட்டு டிக்கெட் வேண்டாம். செலவு என்று பார்த்தால் சென்னையில் ஒரு ஸ்டூடியோவின் இரண்டு நாள் வாடகை.

தடை பணமில்லை. அவர் எதிரே உட்கார்ந்து, "சார், வயலின் வேண்டாம்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். யாராவது தைரியசாலி தெரிந்தால் சொல்லுங்கள்.